கர்ப்பப்பையில் தொடங்கிய சொல்

ஒரு பொம்பிளைப் பிள்ளை கொஞ்சம் சத்தமாக அழுதால், கோபப்பட்டால், "அவளுக்கு ஹிஸ்டீரியா" எண்டு சொல்லிவிட்டுப் போகிறவர்களை நாங்கள் எல்லாரும் கண்டிருப்பம். இந்தச் சொல் எங்கயிருந்து வந்தது?

கிரேக்கத்தில் 'ஹிஸ்தெரா' என்றால் கர்ப்பப்பை. கர்ப்பப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையை 'ஹிஸ்டரெக்டமி' என்று சொல்வதும் இதே வேரில் இருந்துதான்.

கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, ஹிப்போகிராட்டிஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் ஒரு விளக்கம் சொல்கின்றன. கர்ப்பப்பை காய்ந்து இலேசாகினால் ஈரம் தேடி உடம்புக்குள்ளே மேலே நகருமாம். அது நெருக்குவதால் மூச்சு முட்டுமாம். வைத்தியம்? மூக்கில் நாற்றமான புகை, கீழே வாசனைப் புகை. நாற்றத்துக்குப் பயந்து, வாசனைக்கு ஆசைப்பட்டுக் கர்ப்பப்பை இறங்கி வரும் எண்டு நம்பினார்கள். கலியாணமும் பிள்ளைப்பேறும் கூட மருந்துதான்.

அந்தக் காலத்திலேயே இதை எல்லாரும் ஏற்கவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சொரானஸ் என்ற கிரேக்க மருத்துவர், கர்ப்பப்பை ஒரு மிருகம் போல அலைந்து திரிவதில்லை என்று தெளிவாக எழுதினார்.

ஆனால் கதையின் முக்கியமான இடம் இனித்தான். கிரேக்கர்களிடம் இருந்தது 'கர்ப்பப்பை சார்ந்த' என்ற பெயரடை மட்டும். 'ஹிஸ்டீரியா' என்ற நோய்ப்பெயர் ஆங்கிலத்தில் பரவியது 19ஆம் நூற்றாண்டில். அதாவது, உடலை அறுத்துப் பார்த்து, கர்ப்பப்பை எங்கேயும் ஓடாது என்று தெரிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு!

அதே நூற்றாண்டின் கடைசியில், பரிஸ் நகரின் சால்பெத்ரியேர் வைத்தியசாலையில் ஷார்கோ என்ற நரம்பியல் நிபுணர், இது ஆண்களுக்கும் வரும் என்று காட்டினார். முதலாம் உலகப் போரில் சிப்பாய்கள் பலர் காயமே இல்லாமல் பேச்சிழந்தார்கள், நடக்க முடியாமல் போனார்கள். ஹிஸ்டீரியாவுக்குச் சொல்லப்பட்ட அதே அறிகுறிகள். ஆனால் அவர்களுக்கு 'ஷெல் ஷொக்' என்று ஒரு புதுப்பெயர் கிடைத்தது. 1915இல் சார்ள்ஸ் மயர்ஸ் அதை மருத்துவ இதழில் எழுதினார். ஆம்பிளைக்கு வந்தால் காரணம் ஷெல், பொம்பிளைக்கு வந்தால் காரணம் அவளின்ர உடம்பு.

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டில் ஹிஸ்டீரியா என்ற வகைப்பாட்டைக் கைவிட்டு, வேறு வேறு நோய்களாகப் பிரித்தது. எங்கட வாயில் மட்டும் அது இன்னும் இருக்கு. வலிக்குது எண்டு சொல்லுற பிள்ளையை "சும்மா நடிக்காத" எண்டு அடக்கிறதுக்கு அது நல்லா உதவுது.

அடுத்தமுறை ஆராவது அந்தச் சொல்லைச் சொன்னால், அதின்ர அர்த்தம் தெரியுமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. பிறகு, அந்தப் பிள்ளைக்கு உண்மையில என்ன செய்யுது எண்டும் கேளுங்கோ.