அரைத் தொன் கருவியும் அறுந்த கயிறும்

போர்க்காலத்தில் வடக்கிற்கும் கிழக்கிற்கும் சென்றுவந்த தொலைக்காட்சிக் குழுவினரிடம் கறுப்பு நிறப் பெட்டிகளைக் காணலாம். வெளியே தடித்த பிளாஸ்ரிக் ஓடு. உள்ளே கருவியின் உருவத்திற்கேற்ப வெட்டப்பட்ட நுரைமெத்தை. மூடியின் விளிம்பில் நீர் புகாதபடி ஓர் இறப்பர் வளையம். 1976ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட பெலிக்கன் நிறுவனம் இவ்வகைப் பெட்டிகளை உலகெங்கும் பரப்பியது. இன்று வேறு பல நிறுவனங்களும் அவற்றைத் தயாரிக்கின்றன.

இத்தகைய பெட்டி துப்பாக்கிக் குண்டையும் தாங்கும் என்றொரு நம்பிக்கை பலரிடம் உண்டு. அது சரியன்று. சாதாரண பிளாஸ்ரிக் ஓட்டைக் குண்டு துளைத்துவிடும். குண்டைத் தடுக்க வேண்டுமெனில் உருக்குத் தகடு வேண்டும். அன்றேல் பீங்கான் தகடோ, கெவ்லார் போன்ற இழைகளால் நெய்த பல அடுக்குகளோ வேண்டும். 1965இல் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளர் மேற்கொண்ட ஆய்விலிருந்து பிறந்ததே கெவ்லார். அந்த இழைகள் குண்டின் விசையைப் பக்கவாட்டில் பரப்பி அதன் வேகத்தை உறிஞ்சுகின்றன.

குண்டு வேறு, மோதல் வேறு. குண்டுக்கு எதிராக ஓடு கடினமாக இருக்க வேண்டும். மோதலுக்கு எதிராகவோ உள்ளே ஏதாவது நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் கருவி ஒரு மில்லிமீற்றர் தூரத்தில் நிறுத்தப்பட்டால், அதன் எடையைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு விசை அதன் மீது தாக்கும். ஐந்து சென்ரிமீற்றர் தடித்த மெத்தையில் அமிழ்ந்து நின்றால் அது இருபது மடங்காகக் குறைந்துவிடும். முட்டையை உமியிலும் மட்பாண்டத்தை வைக்கோலிலும் வைத்து அனுப்பிய நம் முன்னோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் அதன் விடையை அறிந்திருந்தனர்.

கண்டிப் பிரதேசத்திற்குப் பெட்டிகளின் வரலாறு புதியதன்று. வத்தேகமவைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் விளைந்த தேயிலை, 1880இல் திறக்கப்பட்ட கண்டி–மாத்தளை ரயில் பாதையின் வழியே கொழும்புக்கும், அங்கிருந்து கப்பலில் சீமைக்கும் சென்றது. தேயிலைக்குக் குண்டோ அடியோ எதிரியல்ல. ஈரமும் அயல் மணமுமே எதிரிகள். ஆகவே மரப்பெட்டியின் உட்புறத்தில் ஈயத்தாளும் பிற்காலத்தில் அலுமினியத்தாளும் வைத்து அடைத்தார்கள். கொழுந்து கிள்ளிய கைகளும் பெட்டி சுமந்த தோள்களும் நம் மலையக மக்களுடையவை. பெட்டியின் மீது தோட்டத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. சுமந்தவர்களின் பெயருக்கு அங்கு இடமிருக்கவில்லை.

கண்டியின் பெயர்போன பேழை தலதா மாளிகையில் உள்ளது. புனித தந்தம் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த ஏழு பேழைகளுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. எசல பெரஹராவில் யானை சுமந்து வருவது அந்தப் பேழையின் மாதிரி ஒன்றே; தந்தம் தன் இடத்தை விட்டு அசைவதில்லை. போர்த்துக்கேயரின் நெருக்குதல் மிகுந்த கோட்டே இராச்சியக் காலத்தில், இரத்தினபுரியை அடுத்த தெல்கமுவவில் குரக்கன் அரைக்கும் திரிகைக் கல்லுக்குள் தந்தத்தை மறைத்து வைத்திருந்தார்கள் என்பது மரபு. பின்னர் முதலாம் விமலதர்மசூரியன் அதனைக் கண்டிக்குக் கொண்டுவந்தான். திரிகைக் கல்லைக் கண்டு எவரும் பொக்கிஷம் என்று எண்ணமாட்டார்கள். பாதுகாப்பில் அதுவும் ஒரு வகை. 1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகளின் குண்டு லொறி மாளிகையின் முன்னால் வெடித்தபோது பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டடம் பெருஞ்சேதம் அடைந்தது. உள்ளே இருந்த தந்தத்திற்கு ஊறு நேரவில்லை. ஏழு பேழைகளைவிட, அதனை அசைக்காமல் உள்ளறையில் வைத்திருந்ததே அதனைக் காத்தது எனலாம்.

ஆனால் எல்லாப் பொருளையும் அசைக்காமல் வைத்துக் காத்துவிட முடியாது. மலையுச்சிக்கும் கோபுர உச்சிக்கும் ஏற்றினாலன்றிப் பயன் தராத கருவிகளும் உண்டு. அத்தகைய ஒரு கருவியின் கதை தமிழ்நாட்டில், தஞ்சாவூரில் நிகழ்ந்தது.

ஶ்ரீரங்கப்பட்டினப் போரில் பங்குகொண்ட ஆங்கிலப் படை அதிகாரி வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். தென்னிந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதே அவரது திட்டம். ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றைய பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பது பள்ளிக்கூடக் கணிதம். அதனை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு நீட்டும்போது, கோணத்தில் நேரும் சிறு பிழையும் தொலைவில் பெரும் பிழையாகிவிடும். ஆகையால் இலண்டனில் வில்லியம் கேரி என்ற கருவி வினைஞரிடம் தியோடோலைற் எனப்படும் கோணமானி ஒன்று செய்விக்கப்பட்டது. அதன் கிடைவட்டத்தின் விட்டம் மூன்று அடி. எடை ஏறத்தாழ அரைத் தொன்.

அக்கருவி இந்தியாவிற்கு வந்த கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று கைப்பற்றியது என்று நில அளவை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கருவி மொரீசியஸ் தீவில் இறக்கப்பட்டது. அது என்னவென்று அறிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆட்சியாளர் அதனைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். கூடவே மரியாதை மிக்க கடிதம் ஒன்றும் சென்றது. இரு நாடுகளும் பகைமை பாராட்டிய காலம் அது. ஆயினும் பூமியை அளக்கும் கருவி எந்த நாட்டினருக்கும் பகையன்று என்ற எண்ணம் அறிவுலகில் இருந்தது. நமது நாட்டிலும் அத்தகைய உதாரணம் உண்டு. 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஆங்கில ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் இலங்கை நில அளவைத் திணைக்களத்தை நிறுவியபோது, அதன் முதல் தலைவராக அவர் நியமித்த ஜோசப் ஜொன்வில் ஒரு பிரெஞ்சுக்காரர்.

கடலையும் பகைவர் கையையும் தப்பி வந்த கருவிக்கு 1808இல் தஞ்சையில் ஆபத்து நேர்ந்தது. காவிரிப் படுகையில் மலைகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. தொலைவில் உள்ள இடங்களைக் குறிபார்க்கக் கோயில் கோபுரங்களே லாம்டனுக்கு மலைகளாயின. முதலாம் இராசராசன் எழுப்பிய, 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கருவியைக் கயிறும் கப்பியும் கொண்டு ஏற்றினார்கள். சுவரில் மோதாதபடி கீழிருந்து அதனை விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி பெட்டிக்குள் இருந்தவாறே சுவரில் மோதியது. வட்டத்தகடு நெளிந்தது. அதைத் தாங்கிய ஆரச் சட்டங்கள் வளைந்தன.

பெட்டி இருந்தும் பயன் இல்லாமற் போனது ஏன்? அரைத் தொன் எடையுள்ள பொருள் ஊசலாடிக் கற்சுவரில் மோதும்போது, கடினமான பெட்டி அந்த விசையைத் தானே வாங்கிக்கொள்வதில்லை. உள்ளே இருப்பதற்குக் கடத்திவிடுகிறது. மூட்டை தூக்குவோருக்கு இது தெரியும். பாரம் கனமானால் கயிற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

லாம்டன் மனம் தளரவில்லை. கருவியைத் திருச்சிராப்பள்ளிப் படைக்கலச் சாலைக்குக் கொண்டுசென்றார். ஒரு கூடாரத்தினுள், தலைமைக் கம்மியர்களைத் தவிர வேறெவரையும் அனுமதிக்காமல், அதனை முற்றாகப் பிரித்தார். பெரிய தட்டையான பலகையில் சரியான அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். ஆப்பு, திருகாணி, கப்பி ஆகியவற்றால் நெளிந்த தகட்டைச் சிறிது சிறிதாக இழுத்து அவ்வட்டத்தோடு பொருத்தினார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறையப் பழைய நிலையை அடைந்தது. அதைக் கொண்டே அவர் கன்னியாகுமரி வரையிலான பணியைத் தொடர்ந்தார்.

"ஏறக்குறைய" என்ற சொல்லில்தான் சிக்கல் இருந்தது. கணக்கில் ஏறக்குறைய என்பது கேள்விக்குரியது. 1823 ஜனவரியில் மத்திய இந்தியாவின் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தபின் பொறுப்பேற்ற ஜோர்ஜ் எவரெஸ்ட், 1830இல் புதிய கருவிகளுடன் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். மலைகளற்ற வடஇந்தியச் சமவெளியில் அவர் கோயில் கோபுரங்களை நாடவில்லை. அளவைக்கென்றே கற்கோபுரங்களைக் கட்டுவித்தார். லாம்டன் அளந்த தென்பகுதி 1860களில் மீண்டும் அளக்கப்பட்டது. ஒரு கயிறு அறுந்ததால் எழுந்த ஐயம் தீர இரண்டு தலைமுறைகள் சென்றன.

பழைய கருவியை எவரெஸ்ட் வீசிவிடவில்லை. கல்கத்தாவில் ஹென்றி பரோ என்ற ஆங்கிலேயக் கருவி வினைஞரும் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சினும் இத்தகைய கருவிகளைச் செப்பனிடும் பணியில் இருந்தனர். மொஹ்சின் சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை செய்தவர். முறையான பொறியியற் கல்வி பெறாத அவருடைய கைத்திறனை எவரெஸ்ட் வெளிப்படையாகப் போற்றினார். 1843இல் பரோ விலகியபின் அப்பதவி மொஹ்சினுக்கே கிடைத்தது. கேரி செய்த அந்தத் தியோடோலைற்றை இன்று டேராடூனில் இந்திய நில அளவைத் துறை பாதுகாத்து வைத்திருக்கிறது.

இந்தக் கதையில் மூன்று பெயர்கள் நமக்குத் தெரிகின்றன: செய்தவர் கேரி, அளந்தவர் லாம்டன், செப்பனிட்டவர் மொஹ்சின். தஞ்சையில் கயிறு பிடித்து நின்றவர்கள் யார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அரைத் தொன்னை ஊர் ஊராகத் தோளில் சுமந்தவர்களின் நிலையும் அதுவே. கயிறு அறுந்தபோது கீழே நின்றவர்களின் உயிருக்கும் ஆபத்து இருந்தது என்பது வெளிப்படை. வரலாற்றுநூல்கள் தகட்டின் காயத்தை விரிவாகப் பேசுகின்றன. மனிதர்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

இன்று அரைத் தொன் வேண்டியதில்லை. செய்மதியின் துணைகொண்டு நிலம் அளக்கும் கருவியை ஒருவர் தனியே தூக்கிச் செல்லலாம். அதற்குரிய நுரைமெத்தைப் பெட்டியை மாடியிலிருந்து தவறவிட்டாலும் பெரும்பாலும் உள்ளே எதுவும் நேர்ந்துவிடாது. ஆயினும் எந்தப் பெட்டியும் தானாக நடப்பதில்லை. வத்தேகமவின் தேயிலைப் பெட்டிக்கும், மாளிகையின் பேழைக்கும், தஞ்சையின் தியோடோலைற்றுக்கும் அது பொதுவானது. பகைவர் பத்திரமாகத் திருப்பி அனுப்பிய கருவி, சொந்தக்காரர் கட்டிய கயிற்றில் உடைந்தது. ஒரு பொருளைக் காக்க நினைப்பவர் பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் கயிற்றுக்கும், அதைப் பிடித்திருப்பவரின் பாதுகாப்பிற்கும் ஒதுக்க வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் அந்தச் செலவு வீணாகியிருக்காது.