நற்கருணை அப்பம்

நற்கருணை அப்பம் என்பது கிறித்தவ வழிபாட்டில் இயேசு கிறித்துவின் உடலைக் குறித்து உண்ணப்படும் கோதுமை அப்பம் ஆகும். இயேசு தம் சீடர்களுடன் உண்ட இறுதி இராவுணவின் நினைவாக இது பகிரப்படுகிறது.

பெயர்

கத்தோலிக்கர் இச்சடங்கை நற்கருணை என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் திருவிருந்து அல்லது இராப்போசனம் என்றும் அழைப்பர். வட்ட வடிவ மெல்லிய அப்பத்திற்கு ஓஸ்தி என்பது பெயர். பலிப்பொருள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இது தோன்றியது. தமிழர் வழக்கில் அப்பம் பெரும்பாலும் அரிசிமாவுப் பண்டத்தைக் குறித்தாலும், தமிழ் விவிலியத்தில் அச்சொல் கோதுமை ரொட்டிக்கு ஆளப்படுகிறது.

திருச்சபைகளின் வழக்கம்

இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர் புளிப்பற்ற அப்பத்தையும், கீழை மரபுவழித் திருச்சபையினர் புளித்த அப்பத்தையும் பயன்படுத்துகின்றனர். 1054 ஆம் ஆண்டுப் பிளவில் இவ்வேறுபாடும் பூசலுக்குரியதாக இருந்தது. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி கத்தோலிக்க அப்பம் கோதுமையால் மட்டுமே செய்யப்படவேண்டும். எனவே அரிசியே முதன்மை உணவான ஊர்களிலும் அரிசி அப்பம் ஏற்கப்படுவதில்லை. பசையம் முற்றிலும் நீக்கப்பட்ட அப்பம் செல்லாது என்றும், பசையம் குறைந்த அப்பம் ஏற்புடையது என்றும் 2017 இல் வத்திக்கான் மீண்டும் அறிவுறுத்தியது.

அப்பம் கிறித்துவின் உடலாகவே மாறுகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அப்பத்துடன் கிறித்து மெய்யாகவே பிரசன்னமாயிருக்கிறார் என்றார் லூத்தர். அது நினைவுச் சின்னமே என்றார் சுவிங்கிளி. 1529 இல் மார்பர்க்கில் சந்தித்தபோதும் இருவரும் இதில் உடன்படவில்லை.

தமிழகத்தில்

ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒரே உடலாவர் என்பது பவுலின் போதனை. எனினும் 19 ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர், வேப்பேரி முதலிய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதும், உயர்சாதியினர் முதலில் திருவிருந்து பெறுவதும் வழக்கிலிருந்தன. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833 இல் இவற்றைக் கைவிடுமாறு ஆணையிட்டார். அதனை ஏற்காத பலர் சபையை விட்டு விலகினர்.

கொங்கு நாட்டில்

கொடுமுடி, ஈரோடு பகுதிகளை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் இரு மரபுகளும் உள்ளன. கோயம்புத்தூர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1886 இல் நிறுவப்பட்டது. 1830 இல் கோயம்புத்தூரில் பணி தொடங்கிய இலண்டன் மிஷன் சபைகள், 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. இத்திருச்சபையில் சில ஆலயங்கள் ஓஸ்தியையும், சில சிறு துண்டுகளாக வெட்டிய ரொட்டியையும் வழங்குகின்றன.