ட்ரூன்னா ஒண்ணா, மைனஸ் ஒண்ணா?

மக்களே, பொட்டி தட்டுற பொழைப்புலேர்ந்து ஒரு சின்ன வரலாறு. கொட்டாவி வர்றவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க :-)

போன வருஷம் என் தலையில ஒரு ஆணியைக் கட்டினாங்க. ஒரு நூல் மில்லோட இருப்புக் கணக்கு, விஷுவல் பேசிக் 6-ல எழுதினது. அதை டாட் நெட்டுக்கு மாத்தணும். விபி6 வந்தது 1998-ல, கிட்டத்தட்ட என் வயசு. ரெண்டும் பேசிக்தானே, நாலு நாள்ல முடிச்சிடலாம்னு வாயை விட்டேன். மாத்தி ஓட்டினா, 100 மூட்டை இருந்த இடத்துல 13 லட்சம் மூட்டை!

காரணம் ரொம்பச் சின்னது. விபி6-ல இன்டீஜர்னா 16 பிட், லாங்னா 32. விபி டாட் நெட்ல இன்டீஜர் 32, லாங் 64. பழைய கோப்பை ரெண்டு ரெண்டு பைட்டா படிக்க வேண்டிய இடத்துல நான் நாலு நாலா அள்ளியிருக்கேன். பக்கத்து எண்ணும் சேர்ந்து வந்துடுச்சு. தப்பு என்னுதுதான். ஆனா இந்த அளவை யாரு, எதுக்கு மாத்தினாங்க? தோண்ட ஆரம்பிச்சேன்.

1995-ல ஜாவா வந்தப்போ சன் சொன்னது: ஒரே மொழி, எந்த மெஷின்லயும் ஓடும். 2002-ல மைக்ரோசாஃப்ட் டாட் நெட்டோட தலைகீழா வந்தது: ஒரே மேடை, பல மொழி. விபில எழுதின கிளாஸை சி ஷார்ப்ல இருந்து கூப்பிடலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு மொழி பேசிக்கணும்னா எண்ணுக்கும் உண்மைக்கும் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே அர்த்தம் இருக்கணும்ல? சி ஷார்ப்புக்குக் கவலையில்ல, அந்த வீட்டுலயே பொறந்த புள்ள. விபிதான் வாக்கப்பட்டு வந்த மருமக. பழக்கத்தையெல்லாம் மாத்திக்கோன்னுட்டாங்க.

இன்டீஜர் மட்டுமில்ல. விபி6-ல ஒரு ஆப்ஜெக்டைக் கடைசி ஆள் விட்ட நொடியே அது காலி. ஓட்டை என்னன்னா, ரெண்டு ஆப்ஜெக்ட் ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிட்டா ரெண்டுமே போகாது. டாட் நெட்டோட குப்பை வண்டி அதையும் அள்ளிடும், ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. 2000 அக்டோபர்ல பிரையன் ஹாரி இதை நீளமா விளக்கினார். பழைய முறையையும் சேர்த்து வச்சுக்கப் பாத்திருக்காங்க, வேகத்துல கட்டுப்படியாகல. இது நியாயமான காரணம்னுதான் எனக்கும் படுது.

முதல் பீட்டாவுல ஒரு படி மேல போய், மைனஸ் 1-ஆ இருந்த ட்ரூவை 1-னு ஆக்கினாங்க. 'ஆண்ட்' அர்த்தமும் மாறிச்சு. விபி மக்கள் கொதிச்சுட்டாங்க. இது விபியே இல்ல, 'விஷுவல் ஃப்ரெட்'னு பேர் வச்சுக்கோங்கன்னு கிண்டல். 2001-ல வந்த ரெண்டாவது பீட்டாவுல மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. மைனஸ் 1 திரும்பி வந்தது, புது அர்த்தத்துக்கு 'ஆண்ட்ஆல்சோ'னு தனிச்சொல் வந்தது. இன்டீஜர் மட்டும் திரும்பல.

இன்னிக்கும் விபி டாட் நெட்ல 'சிஇன்ட்'கிட்ட ட்ரூவைக் குடுத்தா -1. அதே ட்ரூவை எல்லா மொழிக்கும் பொதுவான 'கன்வர்ட்'கிட்ட குடுத்தா 1. சண்டை போட்ட தழும்பு அப்படியே இருக்கு.

இவ்வளவு விட்டுக்குடுத்த மொழிக்கு என்ன கிடைச்சது? 2020 மார்ச்ல, விபியை இனி மொழியா வளர்க்கற திட்டம் இல்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிடுச்சு. விபி6-ல எழுதின பழைய புரோகிராமோ விண்டோஸ் 11-லயும் ஓடுது!

பொது மேடை வேணாம்னு சொல்லல. ஆனா அதுக்கான பில் ஏற்கனவே எழுதி முடிச்சவன் தலையிலதான் விழுது. அந்த மில் புரோகிராமை எழுதின பெரியவருக்கு ஒரு சந்தேகம் கேக்க போன் பண்ணினேன். 13 லட்சம் மூட்டைக் கதையைக் கேட்டுட்டு, கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

"நான் எதுவும் தப்பா எழுதிட்டேனா தம்பி?"

"இல்ல சார், நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

ஜாவா கோஷ்டி சண்டைக்கு வரலாம், பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)