முதல் உலோகங்காட்டியும் ஒரு சுத்தியலும்

மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டியை முதன்முறையாக வாங்க விரும்புவோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. கையிருப்பு இவ்வளவுதான், இந்தத் தொகைக்குள் அதிக ஆழம் காட்டும் கருவி எது? விற்பவர்களும் ஆழத்தைச் சொல்லியே விற்கிறார்கள். ஆனால் இக்கருவியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், ஆழத்தைப் பற்றிய இந்த ஆசை எவ்வளவு தூரம் நியாயமானது என்ற ஐயம் எழாமல் இராது. இக்கருவியைப் பொழுதுபோக்காகக் கையாள்வது பரவலாக வேரூன்றியதும், அதனால் விளைந்த நன்மை தீமைகள் இரண்டும் தெளிவாகப் பதிவாகியிருப்பதும் இங்கிலாந்தில்தான். ஆகவே நாமும் பெரும்பாலும் அங்கேயே உலவுவோம். தொடக்கத்திற்கு மட்டும் அமெரிக்காவுக்குச் சென்று வரவேண்டும்.

1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள். வாஷிங்டன் நகரின் புகைவண்டி நிலையத்தில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. குண்டு எங்கே இருக்கிறதென்று அறிய மருத்துவர்களுக்கு இருந்த ஒரே வழி, காயத்தினுள் விரலையும் கம்பியையும் விட்டுத் துழாவுவதுதான்! தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், டேவிட் ஹியூஸ் 1879-இல் உருவாக்கியிருந்த மின்தூண்டல் தராசை அடிப்படையாகக் கொண்டு ஒரு கருவியை அவசர அவசரமாக அமைத்தார். கம்பிச் சுருள்களுக்கு அருகே உலோகம் வந்தால் தொலைபேசியின் காதுக்குழலில் ஒலி கேட்கும். சோதனைகளில் நன்றாகவே வேலை செய்த அக்கருவி, அதிபரின் படுக்கையருகே இருமுறை கொண்டு செல்லப்பட்டும் பயன் தரவில்லை. மெத்தையிலிருந்த எஃகுச் சுருள்கள் குழப்பின. அதைவிடப் பெரிய இடையூறு, தலைமை மருத்துவர் பிளிஸ். குண்டு வலப்பக்கம் இருப்பதாக அவர் உறுதியாக நம்பினார்; அந்தப் பக்கத்தை மட்டுமே ஆராய விட்டார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்டு இறந்தார்.

அதன்பின் நெடுங்காலம் இக்கருவி ஆய்வகங்களை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. வானூர்திகளுக்குத் திசைகாட்டும் வானொலிக் கருவிகளை அமைத்துக்கொண்டிருந்த ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு ஃபிஷர், உலோகம் செறிந்த இடங்களுக்கருகே அவை பிழையான திசை காட்டுவதைக் கவனித்து, அந்தப் பிழையையே தொழிலாக்கினார். கலிபோர்னியாவில் 1931-இல் நிறுவனம் தொடங்கி, 1937-இல் காப்புரிமை பெற்றார். அடுத்து வந்தது போர். ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படை அதிகாரி ஜோசஃப் கோசாட்ஸ்கி, ஒரு வீரர் கையில் ஏந்திச் செல்லத்தக்க கண்ணிவெடி காட்டியை உருவாக்கினார். காப்புரிமை கோராமல் அதை பிரிட்டிஷ் படைக்கே அளித்தார். 1942-இல் எல் அலமெய்ன் களத்தில் அது ஏராளமான உயிர்களைக் காத்தது. போர் முடிந்ததும் எஞ்சிய படைக்கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. டிரான்சிஸ்டர் வந்தபின் எடை குறைந்தது. 1970-களில் இங்கிலாந்தின் வயல்களில் வார இறுதி தோறும் தலையில் ஒலிவாங்கியோடு நடப்பவர்கள் ஒரு சமூகமாகவே ஆகிவிட்டார்கள்.

இனி நம் பணப்பைக்கு வருவோம். இன்று தொடக்கநிலையாளருக்கு விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை மிகக் குறைந்த அலைவெண் வகையைச் சேர்ந்தவை. ஒரு சுருள் காந்தப்புலத்தைப் பரப்பும். மண்ணிலுள்ள உலோகம் திருப்பி அனுப்பும் மெல்லிய புலத்தை இன்னொரு சுருள் வாங்கும். இரண்டுக்கும் இடையிலான நேரப் பிறழ்வைக் கொண்டு, இரும்பா வெள்ளியா செம்பா என்று கருவி ஊகிக்கும். ஊகம்தான்! மெல்லிய பொன் மோதிரமும் குளிர்பானக் குப்பியின் அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். குப்பை வேண்டாமென்று அந்தக் குரலை அடைத்துவிட்டால் பொன்னும் அதனோடு போய்விடும். இச்சிக்கலை விலையுயர்ந்த கருவிகளும் முழுமையாகத் தீர்ப்பதில்லை. உப்பு ஊறிய கடற்கரை மணலுக்குத் துடிப்புத் தூண்டல் என்ற வேறு வகை பொருத்தமானது. வயலுக்கு முந்தையதே போதும். அமெரிக்காவின் காரெட், ஆஸ்திரேலியாவின் மைன்லாப், துருக்கியின் நோக்டா ஆகியோரின் தொடக்கநிலைக் கருவிகள் ஏறத்தாழ 200 முதல் 300 பவுண்டுக்குள் அடங்கும். ஆயிரம் பவுண்டைத் தாண்டும் கருவிகளும் உண்டு.

சாதாரணச் சுருளுடன் கூடிய ஒரு தொடக்கநிலைக் கருவி, தனி நாணயம் ஒன்றை 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை காட்டும். இது குறைவென்று தோன்றுகிறதா? இங்கேதான் வரலாற்றுக்கு வேலை இருக்கிறது. இங்கிலாந்தின் உழவயலில் கலப்பை புரட்டும் மேல்மண் சுமார் ஓரடி ஆழம் கொண்டது. அதிலுள்ள பொருள் ஏற்கெனவே இடம் பெயர்ந்தது. அதை எடுப்பதால் இழப்பு சிறிது. அதன் கீழே இருப்பது அசையாத மண். ஒரு பொருள் எதன்மேல், எதன் அருகில், எந்த நிலையில் கிடந்தது என்ற செய்தி அங்கே அப்படியே உறைந்திருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கென 2006-இல் வெளியான நடத்தை நெறிமுறையும், உழவின் ஆழத்தைத் தாண்டித் தோண்டவேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஆக, மலிவுக் கருவியின் எல்லையும் ஆர்வலர் நின்றாகவேண்டிய எல்லையும் பெரிதும் ஒன்றே. கூடுதல் ஆழத்திற்காகச் செலவிடும் பணம், நாம் தோண்டக்கூடாத இடத்தைக் காட்டுவதற்கே பயன்படும்!

நிற்கத் தெரியாதபோது என்ன நடக்கும் என்பதற்கு சர்ரே மாவட்டத்து வான்பரோ ஒரு சாட்சி. 1980-களின் தொடக்கத்தில் அங்கே உலோகங்காட்டியால் சில பழங்கால நாணயங்கள் கிடைத்தன. கண்டெடுத்தவர்கள் முறைப்படி தெரிவித்தார்கள். ஆனால் விசாரணையின்போது அவ்விடம் எதுவென்று பொது மன்றத்தில் வெளியாகிவிட்டது. பிறகென்ன? இரவோடு இரவாகக் கூட்டம் கூட்டமாக வந்து தோண்டினார்கள். ரோமானியர் வருகைக்கு முந்தைய நாணயங்கள் ஆயிரக்கணக்கில் களவு போயின. மிச்சத்தைக் காக்க சர்ரே தொல்லியல் கழகம் அகழ்ந்தபோது, அது ஒரு ரோமானியக் காலக் கோயில் என்பதும், பூசகர் அணிந்த சங்கிலித் தலையணிகள் அங்கிருந்தன என்பதும் தெரிந்தன. நாணயங்கள் கோயிலுக்கு எவ்வாறு வந்தன, காணிக்கையா, சேமிப்பா என்பதைச் சொல்லியிருக்கக்கூடிய மண்ணோ பொடிப்பொடியாகிக் கிடந்தது.

பழைய சட்டமும் விந்தையானது. பொன்னோ வெள்ளியோ, திரும்ப எடுக்கும் எண்ணத்துடன் புதைக்கப்பட்டிருந்தால்தான் அது அரசுக்குரிய புதையல். 1939-இல் சட்டன் ஹூவில் கிடைத்த மாபெரும் கப்பற் புதைகுழியின் பொன் கூட, இறந்தவருக்காக இடப்பட்டது என்பதால் புதையல் ஆகவில்லை. நிலத்துக்குரிய எடித் பிரெட்டி அம்மையார் அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குக் கொடையாக வழங்கினார். எல்லோரும் அவர்போல் இருப்பார்களா?

1992 நவம்பர் 16. சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் என்னும் சிற்றூர். அங்கிருந்த உழவர் ஒருவர் வயலில் தமது சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பரும் ஓய்வுபெற்ற தோட்டக்காரருமான எரிக் லாஸ் அதைத் தேடித் தர வந்தார். அவரிடம் இருந்தது பணி ஓய்வின்போது பரிசாகக் கிடைத்த உலோகங்காட்டி. சுத்தியலுக்கு முன் கிடைத்தவை வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும்! கொஞ்சம் எடுத்தார், பைகள் நிறைந்தன, மண்ணுக்குள் இன்னும் இருந்தது. அந்தக் கணத்தில் அவர் தோண்டுவதை நிறுத்தினார். மாவட்ட மன்றத்துக்கும் காவல்துறைக்கும் தகவல் போயிற்று. மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, செய்தி பரவுமுன் ஒரே நாளில் அகழ்ந்து முடித்தார்கள்.

கிடைத்தவற்றின் கணக்கு: 14,865 நாணயங்கள், பொன்னும் வெள்ளியுமாகச் சுமார் இருநூறு பொருள்கள். இவை தோண்டிக் கொட்டியிருந்தாலும் கிடைத்திருக்கும். கிடைத்திராதவை வேறு. மரம் மக்கிப்போயிருந்தும் பொருள்கள் கிடந்த ஒழுங்கிலிருந்து, ஓர் ஓக் மரப்பெட்டியின் அளவு தெரிந்தது. அதனுள் சிறு பெட்டிகள் இருந்ததும், அவற்றுக்கு வெள்ளிப் பூட்டுகள் இருந்ததும், கிண்ணங்கள் உரசாதபடி நடுவே வைக்கோல் வைத்து அடுக்கியிருந்ததும் தெரிந்தன. எவரோ பதறாமல், பொறுமையாக, திரும்பி வந்து எடுப்போம் என்ற நம்பிக்கையோடு கட்டிய மூட்டை அது. கடைசி நாணயங்கள் கி.பி. 407-408-ஐச் சேர்ந்தவை, பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிவுக்கு வந்த காலம். கரண்டிகளில் ஔரேலியஸ் உர்சிசினஸ் என்ற பெயர். ஒரு பொன் வளையலில் ஜூலியானே என்ற பெண்ணுக்கு வாழ்த்து. அவர்கள் திரும்பவில்லை.

இலக்கியம் படிக்கும் நமக்கு அப்பெட்டியில் தனியாக ஒரு செய்தி உண்டு. அதிலிருந்த பொருள்களில் நான்கு, மிளகுப்பொடி தூவும் வெள்ளிச் சிமிழ்கள். ஒன்று அரசமாதேவியின் தோற்றத்தில் உள்ள பெண்ணுருவம். அடியிலுள்ள தட்டைத் திருப்பினால் மிளகு விழும் துளை திறக்கும். ரோமானியரின் மிளகு எங்கிருந்து போயிற்று என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு மீண்ட முசிறியை அகநானூற்றின் 149-ஆம் பாடல் காட்டுகிறது. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், மீட்புப் பணமாகப் பொன் வெள்ளியோடு 3,000 பவுண்டு எடையுள்ள மிளகும் கேட்டான். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பேரரசின் மறுகோடியில் ஒரு குடும்பம் தன் மிளகுச் சிமிழை மண்ணில் மறைத்திருக்கிறது.

சுத்தியலும் பின்னர் கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை! புதையலுக்கு 1993-இல் மதிப்பிடப்பட்ட 17.5 லட்சம் பவுண்டை லாஸ் உழவரோடு பகிர்ந்துகொண்டார்.

வான்பரோ தந்த வேதனையும் ஹாக்ஸ்ன் காட்டிய வழியும் சட்டத்தை அசைத்தன. 1996-இல் இயற்றப்பட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்த புதையல் சட்டம், புதைத்தவரின் எண்ணம் என்ன என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. 300 ஆண்டுக்கு மேற்பட்டு, பத்து விழுக்காடு பொன்னோ வெள்ளியோ உள்ள பொருளைக் கண்டெடுத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். நாணயமானால் ஒன்றுக்கு மேல் சேர்ந்து கிடைத்திருக்கவேண்டும். 2023 முதல், தனிச்சிறப்புடைய 200 ஆண்டுப் பொருள்களும் இதனுள் வந்துள்ளன. கூடவே, சட்டத்துக்குள் வராத சிறு பொருள்களையும் தாமாகக் காட்டிப் பதிந்துகொள்ள ஒரு திட்டம் 1997-இல் தொடங்கியது. மாவட்டந்தோறும் இதற்கென அலுவலர்கள் இருக்கிறார்கள். இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. சட்டத்தைவிட இந்தத் திட்டமே பெரிய சாதனை என்பது என் கருத்து. எதிரெதிரே நின்ற இரு கூட்டத்தாரை ஒரே மேசையில் அது அமரவைத்தது. (அதே ஆங்கிலேயர் இந்தியாவுக்கு இயற்றிய 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும் என்று உள்ளது. ஊரில் வாங்கிப் பயன்படுத்த எண்ணுவோர் நினைவில் கொள்க.)

விலையைப் பற்றிய விவாதத்தை ஏறத்தாழ முடித்துவைக்கும் நிகழ்ச்சி 2009 ஜூலையில் நடந்தது. டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் ஸ்டாஃபோர்டுஷயர் வயல் ஒன்றில், ஆங்கிலோ-சாக்சன் காலப் பொற்பொருள்களின் ஆகப்பெரிய தொகுதியைக் கண்டெடுத்தார். வாள்பிடி அணிகள், மணிப்பதிப்புகள் என ஏறத்தாழ நான்கு கிலோ பொன். மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. அவர் பயன்படுத்தியது, பழைய பொருள் சந்தையில் இரண்டரைப் பவுண்டுக்கு வாங்கிய பழங்கருவி என்று அப்போதைய செய்திகள் கூறின. அண்மையில் உழப்பட்ட மேல்மண்ணிலேயே அவை சிதறிக் கிடந்தன. ஆழம் தேவைப்படவே இல்லை.

2015-இல் இரு கண்டுபிடிப்புகள், சில மாத இடைவெளியில். இரண்டிலும் வைக்கிங் காலத்து வெள்ளி. இரண்டிலும் ஆல்ஃபிரட், சியோல்வுல்ஃப் என்ற இரு அரசர்களும் ஒரே காலத்தில் ஒரே வகை நாணயம் வெளியிட்டதைக் காட்டும் காசுகள். சியோல்வுல்ஃபைக் கைப்பாவை என்று எழுதிவைத்த பழைய வரலாற்றை ஐயுறவைக்கும் சான்று அது. வாட்லிங்டனில் கண்டவர் தெரிவித்தார். தொகுதி முழுதாக அகழப்பட்டு, 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. லெம்ஸ்டர் அருகே கண்ட இருவர் மறைத்து விற்றார்கள். ஏறத்தாழ 300 நாணயங்கள் இருந்திருக்கலாமென மதிப்பிடப்பட்டது. 2019-இல் அவர்கள் நீண்ட சிறைத்தண்டனை பெற்றபோது மீட்கப்பட்டிருந்தவை 31.

ஆகவே முந்நூறு பவுண்டு வைத்திருப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இது. இருநூறுக்குள் எடை குறைந்த, எளிய கருவி ஒன்று, பழையதானாலும் குற்றமில்லை. எஞ்சியதில் குழிக்குள் இடம் சுட்டும் சிறு கைக்கருவி, நல்ல மண்வெட்டி, காதொலிவாங்கி, ஓர் ஆர்வலர் சங்கத்தின் காப்பீட்டுடன் கூடிய உறுப்பினர் கட்டணம். நிலத்துக்குரியவரின் இசைவை எழுத்தில் பெறப் பணம் தேவையில்லை. கிடைத்த இடத்தைக் கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ளலாம். கடைக்குப் போகுமுன் உங்கள் மாவட்டத்துப் பதிவு அலுவலர் யாரென்று கேட்டு, அவருடைய எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குழியின் ஓரத்தில் நிற்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.