துளையட்டைக் காலத்துக் காத்திருப்பு

1950களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணினிக்கு நிரல் எழுதியோர் பலர் அந்த இயந்திரத்தின் அருகே செல்லும் வாய்ப்பையே பெறவில்லை. நிரலின் ஒவ்வொரு வரியையும் துளையட்டை ஒன்றில், அதாவது எழுத்துகளைத் துளைகளாகக் குறிக்கும் 80 நெடுவரிசைகள் கொண்ட தடித்த தாளில், பதிந்து, அட்டைகளைக் கட்டாக அடுக்கிக் கணினி அறைப் பணியாளரிடம் ஒப்படைத்தால், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சிட்ட தாளில் விடை வரும். பலருடைய பணிகளைத் திரட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் இம்முறை தொகுதிச் செயலாக்கம் எனப்பட்டது.

மனித நேரத்தைவிட இயந்திர நேரம் பன்மடங்கு விலை கூடியதாக இருந்ததால், கணினி சும்மா இருக்கலாகாது, மனிதர் காத்திருக்கலாம் என்பதே அதன் அடிப்படை. ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் விடைக்குப் பதில் பிழைச்செய்தி வந்து ஒரு நாள் வீணாகும் என்பதால், நிரலைக் கொடுக்குமுன் மேசையில் வைத்து வரிவரியாகச் சரிபார்த்தனர். கட்டு கைதவறிச் சிதறினால் மீண்டும் அடுக்குவதற்காக அதன் பக்கவாட்டில் சாய்கோடு இழுத்தும், அட்டையின் கடைசி எட்டு நெடுவரிசைகளில் வரிசை எண் இட்டும் வைத்தனர். இக்கவனத்தை அக்காலத்தவரின் தனிப்பண்பாகப் போற்றுவதைவிட, இயந்திரத்தின் விலை அவர்கள்மேல் சுமத்திய பழக்கம் என்பதே பொருந்தும். 1963இல் கான்பூர் ஐஐடிக்கும் 1973இல் சென்னை ஐஐடிக்கும் ஐபிஎம் கணினிகள் வந்தபோது அட்டைகளும் உடன் வந்தன.

தொகுதிச் செயலாக்கத்துக்கு மாற்றாக, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1959 ஜனவரியில் ஜான் மெக்கார்த்தி முன்வைத்த நேரப்பகிர்வு என்னும் கருத்தை, அதாவது கணினி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்கும் மாறிமாறி அளிக்கும் ஏற்பாட்டை, ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961 நவம்பரில் இயக்கிக் காட்டியது. முனையம் எனப்பட்ட, கணினியோடு இணைத்த விசைப்பலகைக்கு முன்னால் அமர்ந்தவருக்கு உடனுக்குடன் விடை கிடைத்தது; ஆனால் பயன்படுத்துவோர் பெருகியதும் அது தாமதமாயிற்று. உண்மையில் பொறுமைக்குச் சோதனை தொடங்கியது இங்கேதான். அட்டைகளைக் கொடுத்தவர் வேறு வேலை பார்க்கப் போய்விடலாம். முனையத்தின் முன் இருப்பவரோ, விடை எந்த நொடியில் வருமோ என்று எழவும் முடியாமல் காத்திருக்க நேர்ந்தது. சிக்கலான சிந்தனையில் இருப்பவருக்குக் கணினியின் பதில் 2 விநாடிக்குமேல் தாமதமானால் எண்ண ஓட்டம் அறுபடும் என்று ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மில்லர் 1968இல் எழுதினார்.

இப்படிக் காத்திருப்போருக்கு, வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று திரையில் காட்டும் பட்டையை 1985இல் ஆய்வாளர் பிராட் மையர்ஸ் ஆராய்ந்தார். அதனால் கணினியின் வேகம் கூடவில்லை. எனினும், இருக்கையிலேயே இருப்பதா, எழுந்து வேறு வேலை பார்ப்பதா என்பதை முடிவு செய்ய உதவிய அப்பட்டையைப் பயனர்கள் விரும்பினர்.