காந்தமும் ஈதரும்

காந்தக்கல் இரும்பைத் தொடாமலே தன்பால் ஈர்க்கின்றது. இடையே கையும் இல்லை, கயிறும் இல்லை. தொலைவிலுள்ள ஒன்றை மற்றொன்று எவ்வாறு இயக்கும் என்னும் வினா அறிஞரை நெடுங்காலம் மயக்கியது. அதற்கு விடையாக எழுந்தவற்றுள் ஒன்று ஈதர்க் கொள்கை. வெட்டவெளி வெறுமையன்று, கண்ணுக்குப் புலப்படாத நுண்பொருள் அதில் நிரம்பியுள்ளது, காந்தத்தின் செயல் அதன் வழியே நிகழ்கின்றது என்பது இக்கொள்கை.

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600ஆம் ஆண்டில் வெளியிட்ட இலத்தீன் நூலில், நிலவுலகமே ஒரு பெருங்காந்தம் என்று விளக்கினார். ஆனால் ஈர்ப்பின் காரணத்தை உயிர் போன்றதோர் ஆற்றல் என்று கூறி அமைந்தார். பிரான்சு நாட்டு மெய்யியலறிஞர் ரெனே டெக்கார்ட் இதனை ஏற்கவில்லை. திருகாணி போன்ற புரிகளையுடைய நுண்துகள்கள் நிலவுலகின் ஊடே பாய்கின்றன. அவற்றுள் வலம்புரியும் உண்டு, இடம்புரியும் உண்டு. காந்தத்திலும் இரும்பிலும் அவற்றுக்கேற்ற துளைகள் உள்ளன என்று 1644இல் எழுதினார். துகள்கள் இரு காந்தங்களின் இடையிலுள்ள காற்றை அகற்ற, அக்காற்றுப் பின்னின்று தள்ளுவதால் அவை நெருங்குகின்றன என்றும் கூறினார்.

இவ்விளக்கம் கண்ட நிகழ்ச்சிகளுக்கெல்லாம் காரணம் சொல்லிற்று. ஆயினும் அத்துகள்களை அளக்க வழியில்லை. அதுவரை காணாத எதனையும் அது முன்கூட்டி உரைக்கவுமில்லை.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், மைக்கேல் ஃபாரடே காந்தத்தைச் சூழ்ந்த வெளியில் விசைக்கோடுகள் உள்ளன என்றார். அவற்றுக்குக் கணக்கு வடிவம் தர முற்பட்டவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1861, 1862ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்த அவரது கட்டுரையும் ஈதரையே அடிப்படையாகக் கொண்டது. விசைக்கோட்டை அச்சாகக் கொண்டு ஈதரில் நுண்சுழல்கள் சுழல்கின்றன. சுழலும் பொருள் பக்கவாட்டில் பருத்து, அச்சின் நீளத்தில் சுருங்க முயலும். எனவே கோடுகள் நெடுகிலும் இழுவிசை பிறக்கின்றது. அடுத்தடுத்த சுழல்கள் ஒரே திசையில் சுழல வேண்டுமாயின், பொறிகளில் இரு சக்கரங்களுக்கு இடையே சிறு சக்கரம் வைப்பது போல, அவற்றின் இடையே துகள்கள் வேண்டும். அத்துகள்களின் ஓட்டமே மின்னோட்டம் என்றார்.

பின்னர் இவ்வூடகத்துக்கு மீள்தன்மை உண்டு எனக் கொண்டு, அதில் அலை செல்லும் விரைவைக் கணக்கிட்டார். வேபர், கோல்ராவுஷ் என்னும் செருமானிய அறிஞர் 1856இல் வெளியிட்ட மின் அளவீடுகள் அதற்கு உதவின. கிடைத்த விடை, நொடிக்கு ஏறத்தாழ 3,10,000 கிலோமீட்டர். ஃபீசோ 1849இல் அளந்த ஒளியின் விரைவோ ஏறத்தாழ 3,15,000 கிலோமீட்டர். ஒளியும் இதே ஊடகத்தின் அலையே என்னும் முடிவுக்கு மாக்ஸ்வெல் வந்தார்.

அவர் தம் சக்கரங்களை இயற்கையில் உள்ளனவாகக் கொள்ளவில்லை. தற்காலிகத் துணையாகவே கொண்டார். 1865இல் வெளியான கட்டுரையில் அவற்றை நீக்கிவிட்டுச் சமன்பாடுகளை மட்டும் நிறுத்தினார். எனினும் ஈதர் உண்டு என்னும் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அவர் 1879இல் மறைந்தார். 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் செய்த ஆய்வில், ஈதரின் ஊடே நிலவுலகம் செல்வதற்கான அடையாளம் தென்படவில்லை. அடுத்த ஆண்டே ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1905இல் ஐன்ஸ்டைன் ஈதர் தேவையற்றது என்றார். ஈதர் வீழ்ந்தது, சமன்பாடுகள் நிலைத்தன. இரும்பின் காந்தத்தன்மைக்கு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒருமுகப்படுவதே காரணம் என்பதை 1928இல் ஹைசன்பர்க் குவாண்டம் விதிகளால் விளக்கினார்.

ஈதரால் காந்தத்தை விளக்க முனைவோர் இன்றும் உளர். அவர்தம் கூற்றை எள்ளி ஒதுக்குதல் வேண்டா. டெக்கார்ட்டும் மாக்ஸ்வெல்லும் புலப்படாத பொருளையே கற்பித்தனர். ஆனால் மாக்ஸ்வெல்லின் கற்பனை, அளந்து சரிபார்க்கத்தக்க ஓர் எண்ணைத் தந்தது. புதிய விளக்கம் கொணரும் எவரிடமும், எந்த அளவீட்டால் இதனைச் சோதிக்கலாம் என்று மாணவர் கேட்கப் பழகுவரேல், அதுவே இவ்வரலாற்றைக் கற்பிப்பதன் பயன்.