நோய்ப் பரவல் வரைபடம்: வெளியிடும் முன் கவனிக்க வேண்டியவை

பயிர் நோயோ கால்நடை நோயோ, எங்கே பரவியிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்ட வரைபடம் உதவும். தவறாக வரைந்தால், அதே வரைபடம் ஊருக்குக் கெட்ட பெயரையும் விளைபொருளுக்கு விலைச் சரிவையும் கொண்டுவரும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் களப்பணியாளர்களும் கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ளலாம்.

வடசென்னை தரும் பாடம்

2020-ல் சென்னை மாநகராட்சி தனது 15 மண்டலங்களின் கொரோனா எண்ணிக்கையை நாள்தோறும் வெளியிட்டது. மே இறுதியிலும் ஜூனிலும், பேசின் பிரிட்ஜ் பகுதி அடங்கிய ராயபுரம் மண்டலமே முதலிடத்தில் இருந்தது. இத்தகைய மொத்த எண்ணிக்கையை வைத்து மண்டலத்துக்கு நிறம் தீட்டினால், தொற்றே இல்லாத தெருவும் அடர் நிறத்தில்தான் தெரியும். அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்பதை நிறம் சொல்லாது.

எண்ணிக்கையா, சதவீதமா?

தென்னை வாடல் நோயை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராமத்தில் 2,000 மரங்களில் 60 பாதிப்பு; இன்னொன்றில் 300 மரங்களில் 30 பாதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைப்படி முதல் கிராமம் மோசம். சதவீதப்படி முதலாவது 3, இரண்டாவது 10. நிறத்தைச் சதவீதத்துக்குக் கொடுங்கள். எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லை எவ்வளவு?

2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழா, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் உறுதியானதும் நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது. அரசின் செயல்திட்டப்படி நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கி.மீ. பாதிப்பு மண்டலம், அதைத் தாண்டி 10 கி.மீ. வரை கண்காணிப்பு மண்டலம். வரைபடத்திலும் இந்த வட்டங்களை மட்டும் காட்டுங்கள். மாவட்டம் முழுவதையும் சிவப்பாக்கினால், நோயில்லாத பண்ணைகளும் நஷ்டப்படும்.

வரைபடத்தில் இருக்க வேண்டியவை

* கணக்கெடுத்த தேதி, எடுத்தவர் யார், எத்தனை வயல் அல்லது பண்ணை பார்க்கப்பட்டது.
* 'நோய் இல்லை', 'பார்க்கவில்லை' இரண்டுக்கும் வெவ்வேறு குறியீடு. பார்க்காத ஊரை வெள்ளையாக விட்டால், நோயில்லாத ஊர் என்றே படிப்பார்கள்.
* சந்தேகம், ஆய்வகத்தில் உறுதியானது என்ற பிரிவு.
* ஒரே நிறத்தின் வெளிர் முதல் அடர் வரையான சாயல்கள். சிவப்பும் பச்சையும் சிலருக்கு வேறுபடுத்தித் தெரியாது.

பெயர் வேண்டாம்

விவசாயியின் பெயர், சர்வே எண், பண்ணையின் துல்லிய இருப்பிடம் ஆகியவை அலுவலர் கோப்பில் இருந்தால் போதும்; பொது வரைபடத்தில் கிராம அளவே போதுமானது. கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் ஒட்டிய அறிவிப்புகளால் மக்கள் ஒதுக்கப்பட்டது நினைவிருக்கும். உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் அவற்றை ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெயர் வெளியே வரும் என்ற பயம் இருந்தால், அடுத்த முறை நோயை யாரும் சொல்ல வரமாட்டார்கள். பிறகு வரைபடம் வரைய தகவலே கிடைக்காது.

சந்தேகத்துக்குரிய நோயைக் கண்டால் முதலில் வேளாண்மை அலுவலர் அல்லது கால்நடை உதவி மருத்துவரிடம் தெரிவியுங்கள். உறுதியான பிறகே வரைபடத்தைப் பகிருங்கள். நோய் கட்டுக்குள் வந்ததும் அதையும் புதுப்பித்து வெளியிடுங்கள்.